நான்கு நொடிக்கு ஒன்று

மழை ஷீரே ஆற்றில் இறங்கியது,
ஆறு கிணறுகளில் இறங்கியது,
கிணறு மனிதர்களுக்குள் இறங்கியது,
மனிதர்கள் இந்தக் கூடாரத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.
நடுவில் ஓட்டை வெட்டிய கட்டில்கள். அடியில் வாளிகள்.
குளோரின் நாற்றம் என் காலுறைக்குள்ளும்.

முதல் கட்டிலில் கரும்புத் தோட்டத்துக் கங்காணி, ராஃபோர்டு.
நாடி கிடைக்கவில்லை. கண்கள் குழிக்குள் போய்விட்டன.
இரண்டு கையிலும் ஊசி, இரண்டு பை.
சக்கரத்தை உச்சிவரை தள்ளிவிட்டேன்.
அதைச் சொட்டு என்று சொல்ல முடியாது,
நூலாக இறங்குகிறது.

இரண்டாம் கட்டிலில் தியாமிகே. வயது இரண்டு. எடை ஆறு கிலோ.
நம்பாமல் இன்னொரு முறை தராசில் தொங்கவிட்டேன்:
ஆறுதான்.
புறங்கையில் நரம்பில்லை, பாதத்தில் இல்லை,
காதுக்கு மேலே, சிரைத்த இடத்தில்
ஒன்று ஒளிந்திருந்தது.

ஆறைப் பதினைந்தால் பெருக்கு: மணிக்குத் தொண்ணூறு மில்லி.
மில்லிக்கு இருபது துளி.
நிமிடத்துக்கு முப்பது.
இரண்டு நொடிக்கு ஒன்று.
இயந்திரம் இருக்கும் ஊர்களில் இயந்திரம் எண்ணிக்கொள்ளும்.
இங்கே என் கைக்கடிகாரம்,
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் கீறல் விழுந்தது.

சக்கரத்தை மயிரிழை ஏற்று.
அதிகம்.
மயிரிழை இறக்கு.
பிள்ளை தலையைத் திருப்பினால் முதலிலிருந்து எண்ணு.

ஜெனரேட்டர் நின்றபோது
ஒன்பதாம் கட்டிலில் நின்றிருந்தேன்.
கைப்பேசி வெளிச்சத்தோடு திரும்பி வந்தால்
தியாமிகேயின் குழாயிலும் நூல்.
சக்கரம் உச்சியில்.
பையில் இருநூறு மில்லி கூடுதலாகக் குறைந்திருந்தது.
இமைகள் ஊதியிருந்தன. மூச்சு அறுபத்திரண்டு.
நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன்:
அடுப்பில் போட்ட உப்பு.

மூடினேன். முழுக்க.
தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

எனெலெஸ் மறைக்கவில்லை.
"நான்தான் திறந்தேன்.
கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவள் நான்,
மதகு தெரியாதா எனக்கு?
கங்காணி தலையாட்டினால் திறக்கும், இல்லாவிட்டால் கசியும்.
இங்கேயும் அவருக்கு வெள்ளம்,
என் பிள்ளைக்குச் சொட்டா?"

என்னிடம் பதில் இருந்தது.
மெலிந்த உடம்பில் இதயமும் மெலிந்துதான் இருக்கும்,
வேகமாகக் கொடுத்தால் தள்ளத் தெரியாமல்
நுரையீரலில் தேக்கிவிடும்,
கட்டிலில் கிடந்தபடியே மூழ்குவாள்.
சொன்னேன்.

பிறந்த நாள் முதல் எல்லாமே சொட்டுச் சொட்டாகக் கிடைத்ததால்தான்
இன்றைக்கும் சொட்டுச் சொட்டாகத் தர வேண்டியிருக்கிறது
என்பதைச் சொல்லவில்லை.
என் கணக்கு சரி.
அவள் கேட்டதும் சரி.
இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை
விலா எலும்புகள் உள்ளிழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டு.
ஐம்பத்தெட்டு.
மறுபடி அறுபது.
கங்காணி "தண்ணீர்" என்றார். யாரோ கொடுத்தார்கள்.
ஐம்பத்தொன்று.
மூன்றரை மணிக்கு நாற்பத்து நான்கு.

பாதியில் தொடங்கினேன். நிமிடத்துக்குப் பதினைந்து.
எனெலெஸ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
குழாயையே பார்த்தபடி
ஒரு முறை மூச்சிழுத்தாள், விட்டாள். சொட்டு.
இழுத்தாள், விட்டாள். சொட்டு.
என் முள்ளோடு ஒத்துப்பார்த்தேன். பிசகவில்லை.

விடியும் நேரம் கட்டில் துணியில் புதிய ஈரம்.
குனிந்து மோந்து பார்த்தேன்.
அவளும் மோந்தாள்.
மூத்திரம்!
கூடாரத்தில் அதற்காகச் சிரித்தவர்கள்
நாங்கள் இருவர் மட்டும்தான்.

பதிவேட்டில் பேனா வெகுநேரம் நின்றது.
"மின்தடையின்போது மிகை ஓட்டம், இருநூறு மில்லி"
என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

பகல் முறைக்கு லிம்பானி வந்தான்.
வந்த வேகத்தில், பழக்கதோஷம்,
சக்கரத்தில் கட்டைவிரலை வைத்தான்.
அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் எனெலெஸ்.
"பதினைந்து."